துக்க ஆண்டில் வரும் நல்ல நாள்கள்: ஒரு குடும்பக் கையேடு

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமண விருந்துக்காக வண்ணத் துணிகள் கட்டப்பட்டுக் கொம்பாங் என்னும் மலாய்ப் பறை முழங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அமர்ந்திருப்பார்கள். இரு வீட்டாரும் ஒரே நகர மன்றத்திடம் அனுமதி பெற்றிருப்பார்கள்; ஒரே மின்தூக்கிக்காகக் காத்து நிற்பார்கள். புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் கண்டதும் இதைத்தான்: 'ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப'. ஒரு வீட்டில் சாப்பறை, மற்றொரு வீட்டில் மணமுழவு. இந்தப் பாட்டின் இறுதியடியை மட்டும் எடுத்துக்கொண்டு, உலகின் இயல்பை உணர்ந்தவர் இனியதையே காண வேண்டும் என்று மேடையில் சொல்லிவிடுவோர் பலர். ஆனால், அந்த அடிக்கு முன்னால் புலவர் இப்படி ஓர் உலகைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்று வைகிறார். இவ்வுலகம் இன்னாதது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். வைது முடித்த பிறகுதான் இனியவற்றின் பக்கம் திரும்புகிறார்.

பறையும் முழவும் இரண்டு வீடுகளில் ஒலித்தால் கேட்பவர் மனம் நோகும். ஒரே வீட்டில் ஒலித்தால் அந்த வீட்டார் என்ன செய்வது? தை மாதம் அப்பா காலமாகிவிட்டார். ஆவணியில் மகளுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று. இடையில் மருமகள் பிள்ளை பெறுகிறாள். ஐப்பசியில் தீபாவளி வருகிறது. இத்தகைய ஆண்டைக் கடக்கும் குடும்பத்தாருக்காகவும், அவர்களுக்கு அருகில் நின்று உதவ நினைக்கும் உறவினர், நண்பர்களுக்காகவும் இக்கையேடு எழுதப்பட்டுள்ளது. துக்கத்தை முழுமையாக முடித்துவிட்டு அதன்பின் மகிழ்ச்சியைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. ஒரே நாளில் இரண்டுக்கும் இடம் கொடுக்க முடியும். அதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும்.

முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பை விட்டுவிடுவது நல்லது. துயரம் மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து படிகளில் வரும் என்று எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதியதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் அதை எழுதியது தாமே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளுடன் பேசிய அனுபவத்திலிருந்து. அவர்களுக்குப் பின் வீட்டில் எஞ்சியவர்களின் துயரத்துக்கு அது பின்னர் நீட்டப்பட்டது. 'எனக்கு இன்னும் சினமே வரவில்லையே, நான் சரியாகத் துக்கப்படவில்லையோ' என்று ஒருவர் கவலைப்படத் தேவையில்லை. இழந்தவர்களின் அன்றாட வாழ்வை நெருங்கி விளக்குவது, உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் ஆகிய இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம். துயருற்றவரின் மனம் இரண்டு வேலைகளுக்கு இடையில் போய் வருகிறது என்றார்கள் அவர்கள். ஒன்று, இழப்பை நோக்கித் திரும்பி அழுவது, நினைப்பது, ஏங்குவது. மற்றொன்று, மாறிவிட்ட வாழ்க்கையைச் சீராக்குவது. அதாவது படிவங்களை நிரப்புவது, இதுவரை அவர் செய்துவந்த வேலைகளைக் கற்றுக்கொள்வது, புதிய பொறுப்பை ஏற்பது, சற்று ஓய்வாகச் சிரிப்பது. இந்தப் போக்குவரத்துதான் நலம் தருகிறது. ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டவர்கள், அது அழுகையின் பக்கமானாலும் வேலையின் பக்கமானாலும், சிரமப்படுகிறார்கள்.

வீட்டுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்வது

இந்த விளக்கத்தை நம் வீடுகளோடு பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தமிழ்க் குடும்பங்களில் துக்கத்தின் இரு பாதிகளும் இரு வேறு ஆட்களுக்குப் பங்கிடப்பட்டுவிடுகின்றன. கொள்ளி வைத்த மூத்த மகன், மண்டாய் தகனச் சாலையிலிருந்து திரும்பிய மறுநாளே குடும்பத்தின் எழுத்தராகிவிடுகிறார். இறப்புப் பதிவு பற்றி அவர் அலைய வேண்டியதில்லை. 2022 மே 29 முதல் மருத்துவர் சான்றளித்ததுமே அது தானாகப் பதிவாகி, சான்றிதழும் மின்னிலக்க வடிவில் கிடைக்கிறது. ஆனாலும் மத்திய சேமநிதி, வங்கிக் கணக்கு, காப்புறுதி, வீட்டு உரிமை, மின்கட்டணக் கணக்கின் பெயர் மாற்றம், அப்பாவின் கைப்பேசி எண்ணை என்ன செய்வது என்பது வரை அனைத்தும் அவர் தலையில் விழுகின்றன. அம்மாவோ கூடத்தில் படத்தின் அருகே அமர்த்தப்பட்டு, வருகிறவர் ஒவ்வொருவரிடமும் கடைசி நாளின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறார். மகனுக்கு அழ நேரமில்லை. அம்மாவுக்கு அழுகையைத் தவிர வேறு வேலையில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதனால்தான்: 'இவனுக்கு அப்பா போன வருத்தமே இல்லை' என்று ஒருவருக்குத் தோன்றும், 'அம்மா இதிலிருந்து மீளவே மாட்டார்கள்' என்று மற்றவருக்குத் தோன்றும்.

இதற்குச் செய்யக்கூடியது எளிது: சில மணி நேரத்துக்கு இடம் மாறிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் ஒரு கோப்பைக் கொடுத்து, மாதக் கட்டணங்கள் எவை எவை என்று பிரித்து வைக்கச் சொல்லலாம். கணவர் மட்டுமே கையாண்டுவந்த வங்கிச் செயலியை ஒரு பேரப்பிள்ளையைக் கொண்டு கற்றுக்கொடுக்கலாம். காலையில் ஈரச் சந்தைக்கு உடன் அழைத்துச் செல்லலாம். துக்க வீட்டில் மூத்தவர்களுக்கு வேலை கொடுப்பது மரியாதைக் குறைவு என்று உறவினர் சிலர் நினைப்பார்கள். ஆனால் கையில் ஏதும் வேலை இல்லாமல் மாதக்கணக்கில் ஒருவரை உட்கார வைப்பதுதான் அவருக்குச் செய்யும் கெடுதல். அதேபோல மகன், எந்தக் கடிதமும் எந்த அழைப்பும் இல்லாத ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அப்பாவின் படத்தின் முன் அமரட்டும், அல்லது அப்பாவோடு வழக்கமாகத் தேநீர் குடித்த காப்பிக்கடையில் தனியாக உட்காரட்டும். அலுவலக விடுப்பைப் பொறுத்தவரை ஒன்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. சிங்கப்பூரில் இறப்பு விடுப்பு சட்டப்படி கட்டாயமில்லை. அது ஒவ்வொரு நிறுவனத்தின் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கிடைப்பது பெரும்பாலும் சில நாள்களே என்பதால் அவை இறுதிச் சடங்கிலேயே கரைந்துவிடும். ஆண்டு விடுப்பில் ஒன்றிரண்டு நாள்களைப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு, வீடு காலியான வாரத்துக்கென எடுத்து வையுங்கள். கூட்டம் இருக்கும்வரை தாங்கிக்கொண்ட பலர் தளர்வது அந்த வாரத்தில்தான்.

பதினாறாம் நாள் இரவைப் பற்றியும் ஒரு பரிந்துரை உண்டு. படையலும் உணவும் முடிந்த பிறகு, ஜோகூரிலிருந்து வந்த உறவினர் உட்பட எல்லாரும் இருக்கும்போது, மறைந்தவரைப் பற்றிய வேடிக்கையான நிகழ்ச்சிகளை ஒவ்வொருவரும் சொல்லட்டும். இது புதிய நாகரிகம் என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அதில் புகழ்ச்சிக்கு நடுவே கேலி இருக்கும், சீர்செய்யாத அண்ணன் மீது குத்தல் இருக்கும், கேட்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கும் ஓர் அடியும் இருக்கும். ஒப்பாரி பாடுகிறவர் இன்று இங்கே அரிதாகிவிட்டார். இறுதிச் சடங்கில் ஒலிப்பேழைதான் பாடுகிறது. அந்தப் பழக்கத்தின் உட்பொருளையாவது நாம் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆய்வும் இதற்கு ஆதரவாகவே பேசுகிறது. உளவியலாளர்கள் டேக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மறைந்த வாழ்க்கைத் துணையைப் பற்றிப் பேசும்போது உள்ளபடியே, கண்களும் சேர்ந்து சிரித்தவர்களிடம் மனத்துன்பம் குறைவாகக் காணப்பட்டது. சிரிப்பு மறதியின் அடையாளம் என்று ஒரு பெரியம்மா சொன்னால், எதிர்வாதம் செய்யாமல் அவரையே அடுத்த கதையைச் சொல்லக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

துக்க ஆண்டுக்குள் திருமணம் வந்தால்

இக்கையேட்டில் மிக நீண்டு பேச வேண்டியது இதுதான். ஒரு குடும்பம் உடையக்கூடிய இடமும் இதுவே.

தள்ளிவைப்பதா, நடத்துவதா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. இந்துக் குடும்பங்களில் ஓராண்டுக்கு நல்ல காரியம் கூடாது என்போரும் உண்டு. மூன்று மாதம் போதும் என்போரும் உண்டு. நிச்சயித்த திருமணத்தை நிறுத்தினால் மறைந்தவரின் மனம் வருந்தும் என்று சொல்லி உடனே நடத்துவோரும் உண்டு. ஊரும் குலமும் மாறினால் கணக்கும் மாறும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கணவரை இழந்த பெண் இத்தா (மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் துக்கக் காலம்) இருக்கும் காலம் நான்கு மாதம் பத்து நாள். கருவுற்றிருந்தால் பிள்ளைப் பேறு வரை. மற்ற உறவினருக்கு மூன்று நாள்தான். கிறிஸ்தவக் குடும்பங்களில் காலக் கெடு பெரிதாக வலியுறுத்தப்படுவதில்லை. எனவே முதலில் செய்ய வேண்டியது, தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்று முடிவுசெய்வது. மணமக்கள், மறைந்தவரின் வாழ்க்கைத் துணை, சடங்கை நடத்தும் பெரியவர் ஒருவர் என்று நான்கைந்து பேருக்குள் அதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்காதீர்கள். எழுபது பேர் உள்ள குழுவில் எழுபது சாத்திரங்கள் கிடைக்கும், அவற்றோடு கைகூப்பிய ஒட்டுப்படங்களும்.

சிங்கப்பூரில் இந்த முடிவைச் சட்டமும் வீடும் நெருக்குகின்றன என்பதை வெளிநாட்டு உறவினருக்கு விளக்க வேண்டியிருக்கும். திருமணப் பதிவுக்கு அறிவிக்கை கொடுத்தால் 21 நாள்களுக்குப் பிறகு, மூன்று மாதங்களுக்குள் பதிவை முடிக்க வேண்டும். கெடு தாண்டினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மணமாகவிருக்கும் இணையர் என்ற முறையில் புதிய வீவக வீடு வாங்கியவர்கள் சாவி பெற்ற மூன்று மாதங்களுக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஆகவே பல குடும்பங்கள் நடுவழி ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. பதிவை வீட்டளவில் குறித்த காலத்தில் முடித்துவிட்டு, தாலி கட்டும் சடங்கையும் விருந்தையும் ஆண்டு திதிக்குப் பின் வைத்துக்கொள்கின்றன. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு நாளை வெறும் கையெழுத்து நாளாகக் கழித்துவிடாதீர்கள். ஒரு புதுச் சேலை, ஒரு நேரப் பாயசம், பெரியவர்களின் ஆசி ஆகியவையாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் மணமக்கள் தங்கள் வாழ்வின் தொடக்கத்தைக் குற்ற உணர்வோடுதான் நினைவுகூர்வார்கள்.

திருமணத்தை நடத்துவது என்று முடிவானால், அன்றைய நாளில் மறைந்தவருக்கு எங்கே இடம் என்பதை முன்னதாகவே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் அந்தத் துயரம் தானே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; அது பெரும்பாலும் கெட்டிமேளம் முழங்கும் நேரமாக இருக்கும். அப்பாவின் படத்துக்கு முன் விளக்கேற்றி வணங்குவதை அதிகாலையில், வீட்டிலேயே, மண்டபத்துக்குப் புறப்படுமுன் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம்; ஒப்பனைக்காரரை அதற்குப் பிறகு வரச் சொல்லுங்கள். மண்டபத்தில் நன்றியுரையின்போது அவர் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். அவர் வழக்கமாகக் கேட்ட ஒரு பாட்டை நாகசுர வித்துவானிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பெரிய திரையில் அவருடைய படங்களை இசையோடு ஓடவிடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. அது பலரை ஒரே நேரத்தில் நிலைகுலையச் செய்கிறது, மணமகளுக்கும் மீண்டுவர அவகாசம் கிடைப்பதில்லை. என் கருத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கணவரை இழந்த தாய் மணவறைக்கு வரலாமா என்ற கேள்வியை எப்படியும் யாராவது எழுப்புவார்கள். இதில் நடுநிலை வேண்டியதில்லை. பெற்று வளர்த்த மகளின் திருமணத்தில் அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தும் வழக்கத்தைத் தொடர எந்தக் காரணமும் இல்லை. பல குடும்பங்கள் இங்கே அதை எப்போதோ கைவிட்டுவிட்டன. நடைமுறை வழி இது: திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே குருக்களிடம் நேரில் சென்று, அம்மா மணவறையில் இருப்பார், ஆசி வழங்குவார், அதற்கேற்பச் சடங்கை அமையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். தாரை வார்ப்பதைத் தம்பதியராகச் செய்ய வேண்டும் என்று அவர் கருதினால், சித்தப்பாவும் சித்தியும் அதைச் செய்யலாம். அம்மா அருகில் அமரலாம். அதே வேளையில் அம்மாவிடமும் கேட்க வேண்டும். சிலர் தாமாகவே ஒதுங்கி நிற்க விரும்புவார்கள். வற்புறுத்தி மேடையேற்றினால் அதுவும் ஒரு வன்முறையே. அவருக்கென ஒரு துணையை, பெரும்பாலும் அவருடைய தங்கையையோ நெருங்கிய தோழியையோ, அன்று முழுவதும் உடன் இருக்கச் செய்யுங்கள். ஓர் அறையின் சாவி அந்தத் துணையிடம் இருக்கட்டும். அழ வேண்டுமென்றால் அங்கே போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, மீண்டும் வந்து பந்தியைக் கவனிக்கலாம். அறைக்கும் பந்திக்கும் இடையில் அவர் எத்தனை முறை போய் வந்தாலும் அது இயல்பானதே.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. மணமகளிடம் சென்று 'அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்' என்று சொல்லாதீர்கள். அது அவளுக்குத் தெரியும்; அன்று அவள் அதை நூறு முறை கேட்டிருப்பாள். அப்பாவைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று, உதாரணமாக அவர் தம் திருமணத்தன்று மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடிய கதை, உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளைப் பேறும் தீபாவளியும்

இறப்புக்குப் பின் பிறக்கும் குழந்தைக்கு மறைந்தவரின் பெயரை வைப்பதிலும், 'அவரே திரும்பி வந்துவிட்டார்' என்பதிலும் பலருக்கு ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலை மறுக்க வேண்டாம். ஆயினும் குழந்தையைக் கையில் வாங்கும்போதெல்லாம் பெரியவர் ஒருவர் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளை பெற்றவளுக்கு அது சுமை. குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தைப் பாட்டிக்கு ஒதுக்கிக் கொடுங்கள். கையும் கண்ணும் குழந்தையின் மேல் இருக்க வேண்டிய வேலை அது. மனம் தானாக அங்கே வந்துவிடும்.

தீபாவளியிலிருந்து சிங்கப்பூரில் ஒளிந்துகொள்ள இயலாது. வாரக்கணக்கில் சிராங்கூன் சாலை முழுவதும் ஒளியூட்டு எரியும். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனாலும் அதன் கீழேதான் நடக்க வேண்டும். துக்க ஆண்டில் கொண்டாட்டம் இல்லை என்ற வழக்கத்தைப் பின்பற்றுவதாக இருந்தால், அதை ஒரு வெற்று நாளாக விடாமல், மறைந்தவர் விரும்பிய பலகாரம் ஒன்றைச் செய்து படைத்துவிட்டு, அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். சீன, மலாய் அண்டை வீட்டாருக்கு நம் துக்க ஆண்டின் கணக்கு தெரியாது. அவர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வரும்போது கதவைத் திறந்து பெற்றுக்கொள்வதே பண்பு. சிறு பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்குவதை நிறுத்த வேண்டாம். தாத்தா இறந்ததால் தீபாவளியும் இறந்துவிட்டது என்று ஏழு வயதுப் பிள்ளை புரிந்துகொள்வது யாருக்கும் நன்மை தராது. தைப்பூசக் காவடியை அந்த ஆண்டு எடுக்க முடியாதவர்கள், மற்றவர்களின் காவடிக்குத் துணை நடப்பதோ தண்ணீர்ப் பந்தலில் நிற்பதோ தங்கள் வழக்கத்துக்கு ஒத்துவருமா என்று வீட்டுப் பெரியவரிடமோ கோயிலிலோ கேட்டுக்கொள்ளலாம்.

எழுதிப் பார்ப்பது

பேச வராதவர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, எழுதுவது கைகொடுக்கும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 முதல் ஆராய்ந்துவந்த முறை மிக எளியது: தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தை அழுத்தும் நிகழ்ச்சியைப் பற்றி, எழுத்துப்பிழையைப் பாராமல், யாருக்கும் காட்டும் நோக்கமின்றி எழுத வேண்டும். தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவினாலும் பரவாயில்லை. இறப்பு நடந்த சில நாள்களிலேயே இதைத் தொடங்காமல், சில வாரங்கள் கழித்து முயல்வது நலம். எழுதும்போது மனம் மேலும் கலங்கினால் நிறுத்திவிடலாம். இதைக் கட்டாயப் பாடமாக்கிக்கொள்ளத் தேவையில்லை. நான்கு நாள்களில் ஒரு நாளை நல்ல நிகழ்ச்சிக்கு ஒதுக்குவது இந்தக் கையேட்டின் சொந்தச் சேர்க்கை. மகளின் நிச்சயதார்த்தம், பேரனின் முதல் குளியல் ஆகியவற்றை, யார் எங்கே நின்றார்கள், என்ன மணம் வந்தது என்பது வரை விரிவாக எழுதுங்கள். துயரம் தானாகவே நுணுக்கமாக நினைவில் பதிந்துவிடுகிறது. மருத்துவமனை அறையின் திரைச்சீலை நிறம்கூட மறப்பதில்லை. அந்த ஆண்டின் நல்ல நாள்களோ பனிமூட்டத்தில் போல மங்கிவிடுகின்றன. எழுதி வைத்தால்தான் அவை எஞ்சும்.

துக்கம் எல்லை மீறும்போது

பெரும்பாலோரின் துயரம் மருத்துவ உதவி இல்லாமலேயே காலப்போக்கில் தணிகிறது. முற்றாக மறையாவிட்டாலும் வாழ்க்கையை மறிப்பதில்லை. சிலருக்கு அப்படி ஆவதில்லை. நாள்தோறும் தீராத ஏக்கம், மறைந்தவரைப் பற்றிய நினைவிலிருந்து விலக முடியாமை, வேலையிலும் வீட்டிலும் இயங்க முடியாமை ஆகியவை நீடித்தால், அதை நெடுந்துயரக் கோளாறு என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு குறைந்தது ஆறு மாதம் என்று வரையறுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் பெரியவர்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் என்றது. அவரவர் பண்பாட்டின் வழக்கத்தையும் மீறியிருக்க வேண்டும் என்று இரண்டுமே சேர்த்துச் சொல்கின்றன. ஆகவே ஆடி அமாவாசையன்று அழுவதையோ படத்தோடு பேசுவதையோ நோயென்று யாரும் கருத வேண்டாம்.

பிள்ளை பிறந்தும், திருமணம் நடந்தும் ஒரு கணம்கூட எதிலும் மனம் ஒட்டவில்லை, உணவும் உறக்கமும் குலைந்துவிட்டன, குடி கூடிவிட்டது என்றால் ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொன்னால் ஆலோசனைக்கு வழிசெய்வார்கள். தமிழில் பேச விரும்புவோர் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப சேவை நிலையத்தை அணுகலாம். தேசிய மனநல உதவி எண் 1771. போனவரோடு தாமும் போய்விட வேண்டும் என்ற பேச்சு வந்தால், அதை வழக்கமான புலம்பல் என்று தள்ளாமல், அப்படி நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வலுப்படுவதில்லை. அவரைத் தனியே விடாமல், சிங்கப்பூர் அபயஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் அழைக்கலாம். அது 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆபத்து உடனடியானதாகத் தோன்றினால் 995ஐ அழைப்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆண்டு நிறைவுக்கு ஆயத்தமாவது

முதல் திதிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே திட்டமிடத் தொடங்குங்கள். திதி பஞ்சாங்கப்படி வருவதால் ஆங்கிலத் தேதியிலிருந்து பெரும்பாலும் விலகியே இருக்கும். பெரியவர்கள் திதியன்று கலங்குவார்கள். ஆங்கிலத் தேதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் வேறொரு நாளில் கலங்குவார்கள். இரண்டு நாள்களையும் நாள்காட்டியில் குறித்து, எதில் படையல், எதில் பிள்ளைகளோடு வெளியே செல்வது என்று பிரித்துக்கொள்ளலாம். தமிழ் முரசில் நினைவஞ்சலி வெளியிடும் வீட்டார், வாசகத்தைக் கடைசி நாளில் அவசரமாகத் தேர்ந்தெடுக்காமல், பேரப்பிள்ளைகளிடமும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்; அதற்காகவே அவர்கள் தாத்தாவைப் பற்றித் தமிழில் யோசிப்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் நினைவுத் திருப்பலிக்கும், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கும் இதே போல ஆயத்தமாகலாம்.

அஸ்தியை இன்னும் கரைக்காமல் வைத்திருப்பவர்கள் பலர், முடிவெடுக்க இந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள். புலாவ் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தொலைவில் இதற்கென ஒதுக்கப்பட்ட கடற்பகுதி உண்டு. படகு ஏற்பாடு செய்து தரும் இறுதிச் சடங்கு நிறுவனங்கள் இருக்கின்றன. நிலத்தில் தூவ விரும்புவோருக்கு, சுவா சூ காங் கல்லறை வளாகத்தில் 2021இல் திறக்கப்பட்ட அமைதித் தோட்டம் இருக்கிறது. அங்கே பெயர்ப் பலகைகள் வைக்கப்படுவதில்லை, சமயச் சடங்குகளுக்கும் இடமில்லை என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பின்னாளில் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மண்டாய் அஸ்தி மாடம் பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் அம்மாவின் விருப்பமே முதன்மையாகட்டும்.

திதிக்கு மறுநாளுக்கும் ஏதேனும் ஒன்றைக் குறித்து வையுங்கள். தள்ளிவைத்த திருமண விருந்துக்கு மண்டபம் பார்க்கப் போவதாக இருக்கலாம், பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்ப்பதாக இருக்கலாம். துணிக்கடைக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். என்ன நிறம் எடுப்பது என்று அவரே சொல்லட்டும்.